கஞ்சா: ஒரு சொல்லுக்குள் மூன்று கேள்விகள்

1892ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இந்தியாவின் மனநோய்க் காப்பகங்களில் சேர்க்கப்பட்டவர்கள் 1,344 பேர். ஒவ்வொருவருடனும் ஒரு படிவம் வரும். அதில் ‘நோய்க்கான காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். தெருவில் பிதற்றிக்கொண்டு திரிந்தவரைப் பிடித்து வந்த காவலருக்கு அவர் யார், என்ன பட்டார், குடும்பத்தில் வேறு யாருக்கு இந்த நோய் இருந்தது என்பதெல்லாம் தெரியாது. ஆனாலும் கட்டத்தை நிரப்பியாக வேண்டும். 222 பேருக்கு அந்தக் கட்டத்தில் எழுதப்பட்ட காரணம் கஞ்சா, சரஸ், பாங்கு ஆகியவற்றில் ஒன்று.

கஞ்சா இந்தியர்களைப் பைத்தியமாக்குகிறது என்ற பேச்சு லண்டன் நாடாளுமன்றம் வரை போனது. விளைவாக 1893இல் இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் மக்வொர்த் யங். ஏழு உறுப்பினர்களில் மூவர் இந்தியர்கள். 1,193 சாட்சிகளை விசாரித்த அந்தக் குழு இன்னொன்றும் செய்தது. அந்த 222 பேரின் ஆவணங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, படிவத்தில் இருப்பது உண்மைதானா என்று மறுபடி துருவியது. பல இடங்களில் அந்தக் கட்டத்துக்குப் பின்னால் எந்த விசாரணையும் இல்லை. சலித்து முடித்தபோது 98 பேர் மிஞ்சினார்கள். அவர்களிலும் 37 பேருக்கு வேறு காரணங்களும் கலந்திருந்தன.

மிதமான பயன்பாட்டால் பெரும்பாலோருக்குத் தீங்கு இல்லை, மிதமிஞ்சினால் உடலும் மனமும் கெடும், முழுத் தடை வேண்டாம், வரியும் உரிமமும் போட்டுக் கட்டுப்படுத்தினால் போதும் என்று குழு 1894இல் முடிவு சொன்னது. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க வேண்டும் என்பவர்கள் இன்றும் இந்த அறிக்கையை எடுத்துக்காட்டுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த இரண்டு எண்கள். 222 என்பது 98 ஆனது, அச்சம் பெரிதாக்கப்பட்டிருந்தது. ஆனால் 98 பூச்சியமாகவில்லை. கஞ்சாவைப் பற்றிப் பேச வருகிற எவரும் இந்த இரண்டையும் சேர்த்தே கையில் வைத்திருக்க வேண்டும்.

இன்றைய விவாதத்தில் இது நடப்பதில்லை. ‘கஞ்சாவை அனுமதிக்கலாமா?’ என்ற ஒரே கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் கேட்கிறோம். உண்மையில் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அதிலிருந்து மருந்து எடுக்கலாமா? புகைத்தவரைச் சிறையில் போடலாமா? கடை திறந்து விற்கலாமா? மூன்றுக்கும் அறிவியல் தரும் விடை வெவ்வேறு. அதைப் பார்க்குமுன் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

பந்தியில் ஒரு கை

கஞ்சாச் செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட கன்னபினாய்டு வேதிப்பொருள்கள் உண்டு. போதை தருவது முக்கியமாக டிஎச்சி. பெண் செடியின் பூங்கொத்துகளை உருப்பெருக்கியில் பார்த்தால் காளான் வடிவில் நுண்ணிய பிசின் சுரப்பிகள் அடர்ந்து நிற்பது தெரியும். டிஎச்சி அங்கேதான் செறிந்திருக்கிறது. பூங்கொத்து கஞ்சா, பிசினைத் தேய்த்தெடுத்தால் சரஸ், இலையை அரைத்தால் பாங்கு. 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கோலமும் யெஹியேல் கவோனியும் டிஎச்சியைத் தனியே பிரித்து அதன் அமைப்பைக் கண்டறிந்தார்கள்.

அடுத்த புதிர் உடனே எழுந்தது. ஒரு செடியின் பொருள் மூளையில் போய்ப் பொருந்துகிறது என்றால் மூளையில் அதற்கென ஓர் ஏற்பி இருக்க வேண்டும். 1988இல் அமெரிக்காவில் ஆலின் ஹௌலட்டும் வில்லியம் டெவேனும் அதைக் கண்டார்கள். இன்று அதன் பெயர் சிபி1. மூளையில் மிக அதிகமாகக் காணப்படும் ஏற்பிகளில் அதுவும் ஒன்று. செடிக்காக உடல் ஏற்பியைச் செய்து வைக்காது. எனவே உடலே சுரக்கும் ஒரு பொருள் இருந்தாக வேண்டும். 1992இல் மெக்கோலமின் ஆய்வகத்தில் அது கிடைத்தது. அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் ஆனந்தமைடு. நாம் நாள்தோறும் சொல்கிற ‘ஆனந்தம்’தான் அது, சமஸ்கிருதத்திலிருந்து எடுத்தது.

ஆனந்தமைடும் அதன் இனத்துப் பொருள்களும் செய்யும் வேலை விசித்திரமானது. ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுபவர் வாளியோடு வருகிறார். சாம்பார் இலையில் விழுகிறது. மூளையில் செய்தி போவதும் இப்படித்தான். முன்னே இருக்கும் நரம்புச் செல் வேதிப்பொருளைப் பொழிகிறது, பின்னே இருப்பது வாங்கிக்கொள்கிறது. வாங்கியது போதுமானபோது சாப்பிடுபவர் இலைக்குமேல் கையைக் குவித்து ‘போதும்’ என்கிறார் அல்லவா? அந்தக் கைதான் இந்தப் பொருள்கள். செய்தி வாங்கும் செல் அவற்றை அந்த நேரத்தில் தயாரித்து, எதிர்த்திசையில் முன்செல்லுக்கு அனுப்புகிறது. முன்செல்லின் மேலிருக்கும் சிபி1 ஏற்பியில் அவை பொருந்தியதும் பொழிவு குறைகிறது. 2001இல்தான் இந்தப் பின்னோக்கிய ‘போதும்’ தெளிவாக நிறுவப்பட்டது. வேலை முடிந்த நொடிகளிலேயே நொதிகள் அந்தக் கையை அகற்றிவிடுகின்றன. எந்த இலையில் தேவையோ அந்த இலையில், தேவைப்பட்ட நேரத்துக்கு, தேவையான அளவு மட்டும்.

டிஎச்சி அதே கை போலவே தோற்றமளிக்கும் வேற்றுக் கை. அது பந்தி முழுவதும், எல்லா இலைகள்மீதும், மணிக்கணக்கில் கவிந்து நிற்கிறது. நினைவைப் பதியும் ஹிப்போகேம்பஸில் கவிந்தால் சற்றுமுன் சொன்னது மறந்துபோகிறது. அசைவை ஒழுங்கு செய்யும் சிறுமூளையில் கவிந்தால் தடுமாற்றம். நேரத்தைக் கணிக்கும் இடங்களில் கவிந்தால் ஐந்து நிமிடம் அரைமணி நேரமாக நீளும். பசியைத் தூண்டும் சுற்றுகளும் இதே கட்டுப்பாட்டில்தான் இருக்கின்றன. புகைத்தவருக்கு வரும் அகோரப் பசிக்கு அதுவே காரணம்.

ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. மூச்சை இயக்கும் மூளைத்தண்டுப் பகுதியில் சிபி1 ஏற்பிகள் மிகக் குறைவு. ஹெராயின் பொருந்தும் ஏற்பிகள் அங்கே ஏராளம். அதனால்தான் ஹெராயின் அளவு மீறினால் மூச்சு நின்று உயிர் போகிறது. கஞ்சாவில் அப்படி நேர்வதில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது அறிவியலுக்குப் பொருந்தாது.

முதல் கேள்வி: மருந்து

1839இல் கல்கத்தாவில் வில்லியம் ஓஷானசி என்ற மருத்துவர் கஞ்சாச் சாறு பற்றி விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்து, பிறகு நோயாளிகளுக்குக் கொடுத்திருந்தார். அவர்களில் பிறந்து சில வாரங்களே ஆன, வலிப்பு அடங்காத ஒரு குழந்தையும் உண்டு. சாறு கொடுத்ததும் வலிப்பு தணிந்ததாக அவர் குறித்தார்.

ஒரு குழந்தையை வைத்து மருந்தை நம்பிவிட முடியாது. முறையான சான்று கிடைக்க 178 ஆண்டுகள் ஆயின. டிராவே என்பது பச்சிளம் பருவத்தில் தொடங்கும் கொடிய வலிப்பு நோய். அந்த நோயுள்ள 120 பேரிடம் நடந்த சோதனையின் முடிவுகள் 2017இல் வந்தன. போதை தராத கஞ்சாப் பொருளான சிபிடி கொடுக்கப்பட்ட பிரிவில் மாத வலிப்புகளின் இடைநிலை எண்ணிக்கை 12.4இலிருந்து 5.9 ஆகக் குறைந்தது. வெற்று மருந்து வாங்கிய பிரிவில் 14.9 என்பது 14.1 ஆனதோடு சரி. 2018இல் அமெரிக்க மருந்து ஆணையம் அதை ‘எபிடியோலெக்ஸ்’ என்ற பெயரில் அனுமதித்தது. புற்றுநோய் மருந்துகளால் வரும் குமட்டலுக்கும், தண்டுவட மரப்பு நோயில் வரும் தசை இறுக்கத்துக்கும் டிஎச்சி அடிப்படையிலான மருந்துகள் பல நாடுகளில் உள்ளன.

ஆக, முதல் கேள்விக்கு விடை ‘ஆம்’. ஆனால் எந்த மருந்துக்கும் உள்ள நிபந்தனைகளோடு: அளவு தெரிந்த பொருள், ஒப்பீட்டுச் சோதனை, பக்கவிளைவுக் கணக்கு. சிபிடிகூடக் கல்லீரல் நொதிகளை உயர்த்தக்கூடியது. ‘கஞ்சா எண்ணெய் புற்றுநோயைக் குணமாக்கும்’ என்று செய்தி பரப்புகிறவர்கள் சிகிச்சையைக் கைவிடத் தூண்டி உயிரோடு விளையாடுகிறார்கள். 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து நீக்கியது. 27 நாடுகள் ஆதரவாகவும் 25 நாடுகள் எதிராகவும் வாக்களித்தன. ஆதரித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மருத்துவப் பயன் இருக்கிறது என்பதை உலகம் ஒப்புக்கொண்ட நாள் அது.

98 ஏன் பூச்சியமாகவில்லை

ஸ்வீடனில் கட்டாய ராணுவப் பணிக்கு வந்த 45,570 இளைஞர்களை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 1987இல் வெளியானது. பதினெட்டு வயதுக்குள் ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியிருந்தவர்களுக்கு, பயன்படுத்தாதவர்களைவிட மனச்சிதைவு நோய் ஆறு மடங்கு அதிகமாக வந்திருந்தது. ஏற்கெனவே இருந்த மனநலச் சிக்கல்கள், குடும்பச் சூழல் போன்ற வேறு காரணங்களைக் கழித்தபோது அந்த மடங்கு இறங்கியது. ஆனால் மறையவில்லை. காப்பகப் படிவங்களைச் சலித்தவர்கள் கண்ட அதே கதை.

2019இல் ஐரோப்பாவிலும் பிரேசிலிலுமாகப் பதினோரு இடங்களில் நடந்த ஆய்வு இன்னும் கூர்மையாகப் பார்த்தது. 10 சதவீதத்துக்கும் மேல் டிஎச்சி உள்ள கஞ்சாவைத் தினமும் பயன்படுத்தியவர்களுக்குத் தீவிர மனநோய் வரும் வாய்ப்பு, ஒருபோதும் தொடாதவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. மனநோயின் தொடக்கத்தில் இருப்பவர்கள் கஞ்சாவை நாடக்கூடும், இரண்டுக்கும் பொதுவான மரபணுக் காரணங்கள் இருக்கக்கூடும் என்ற மறுப்புகள் நியாயமானவை. ஆயினும் வீரியமும் பயன்படுத்தும் தடவையும் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது என்பதைப் புறந்தள்ள முடியாது.

வீரியம் என்ற சொல்லில்தான் காலமாற்றம் ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவில் 1995இல் பறிமுதல் செய்யப்பட்ட கஞ்சாவில் டிஎச்சி சராசரியாக 4 சதவீதம். 2014இல் 12 சதவீதம். இப்போது அங்கே கடைகளில் கிடைக்கும் பிசின் சாறுகளில் அது 60 சதவீதத்தையும் தாண்டும். 1894இன் விசாரணைக் குழு கண்ட பொருளும் இதுவும் பெயரில்தான் ஒன்று. அந்த அறிக்கையை இன்றைய சாறுகளுக்குச் சான்றிதழாகக் காட்டுவது கள்ளுக்குச் சொன்னதைச் சாராயத்துக்குப் பொருத்துவது போன்றது.

வயது மற்றொரு அச்சு. மனித மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. தேவையற்ற இணைப்புகளைக் கத்தரித்து, தேவையானவற்றை உறுதியாக்கும் அந்த வேலையில் உடலின் சொந்தக் கன்னபினாய்டுகளுக்குப் பங்குண்டு. அந்த நேரத்தில் வேற்றுக் கை தினமும் பந்தியில் கவிந்தால் வேலை தடம் மாறக்கூடும். ஒருமுறையாவது பயன்படுத்தியவர்களில் சுமார் 9 சதவீதத்தினர் அடிமையாகிறார்கள் என்று பழைய அமெரிக்க ஆய்வு ஒன்று கணித்தது. பதின்பருவத்தில் தொடங்கியவர்களில் அது ஆறில் ஒருவர் என்ற அளவுக்கு உயர்கிறது. ‘கஞ்சாவுக்கு யாரும் அடிமையாக மாட்டார்கள்’ என்று கல்லூரி விடுதிகளில் உலவும் பேச்சு பொய். தூக்கமின்மை, எரிச்சல், பசியின்மை என்று விடுபடும்போது வரும் தொல்லைகள் மருத்துவத்தில் பதிவானவை.

இரண்டாம் கேள்வி: சிறை

இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சா என்று சொல்வது பூங்கொத்தையும் பிசினையும். பூங்கொத்து சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. அதனால் வாரணாசியில் உரிமத்துடன் பாங்குக் கடை நடக்கிறது; சென்னையில் பூங்கொத்துப் பொட்டலத்தோடு நிற்கும் இளைஞர் கைதாகிறார். பயன்படுத்தியதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு கிலோ வரை ‘சிறிய அளவு’. கையில் வைத்திருந்தால் ஓராண்டு வரை சிறை. 20 கிலோவுக்கு மேல் ‘வணிக அளவு’, குறைந்தது பத்தாண்டு.

அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, அடிமையானவர் தானே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம் என்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கே இது நோயும்தான் என்று தெரிந்திருக்கிறது. 2019இல் வெளியான மத்திய அரசின் ஆய்வின்படி இந்தியாவில் ஓராண்டில் கஞ்சா வகைகளைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 3.1 கோடி. அவர்களில் ஏறக்குறைய 72 லட்சம் பேருக்கு உதவி தேவைப்பட்டது. இத்தனை பேருக்கும் தேவைப்படுவது மருத்துவரின் கதவா, காவல் நிலையத்தின் கதவா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பத்தொன்பது வயதில் ஒரு பொட்டலத்துக்காகப் பதிவாகும் வழக்கு ஒருவனின் வேலையையும் பாஸ்போர்ட்டையும் கல்யாணத்தையும் வருடக்கணக்கில் துரத்துகிறது. கஞ்சாவே அவனுக்கு அவ்வளவு கெடுதல் செய்திருக்குமா?

தண்டனை எல்லோர்மீதும் ஒரே மாதிரி விழுவதுமில்லை. அமெரிக்காவில் வெள்ளையரும் கறுப்பரும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில்தான் கஞ்சா பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதை வைத்திருந்ததற்காகக் கைதாகும் வாய்ப்பு கறுப்பருக்கு 3.6 மடங்கு என்று 2020இல் அங்குள்ள குடிமை உரிமைகள் அமைப்பு ஒன்று கணக்கிட்டது.

போர்ச்சுகல் 2001இல் வேறு வழி எடுத்தது. பத்து நாள் பயன்பாட்டுக்குள் அடங்கும் அளவு போதைப்பொருளோடு பிடிபடுபவரை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல், சமூகப் பணியாளரும் உளவியலாளரும் சட்டம் அறிந்தவரும் உட்காரும் குழு முன் அனுப்புகிறது. விற்பனை அங்கே இன்றும் குற்றம். நாடே போதையில் மூழ்கிவிடும் என்ற அச்சம் பலிக்கவில்லை. இரண்டாம் கேள்விக்கு என் விடை இதிலிருந்து வருகிறது: பயன்படுத்தியவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது.

மூன்றாம் கேள்வி: கடை

இங்கேதான் என் கால் தயங்குகிறது.

2012இல் கொலராடோ மக்கள் வாக்களித்து, 2014 ஜனவரி 1 அன்று கடைகள் திறந்தன. அமெரிக்காவில் இன்று 24 மாநிலங்கள் பொழுதுபோக்குப் பயன்பாட்டை அனுமதிக்கின்றன. பெரிதும் அஞ்சப்பட்ட ஒன்று நடக்கவில்லை: பள்ளி மாணவர்களிடையே பயன்பாடு பொங்கி எழவில்லை. அதிகம் அஞ்சப்படாத இரண்டு நடந்தன.

ஒன்று, தினசரிப் பயன்பாடு. கஞ்சாவைத் தினமும் அல்லது ஏறத்தாழ தினமும் பயன்படுத்தும் அமெரிக்கர்கள் 1992இல் சுமார் 9 லட்சம். 2022இல் 1.77 கோடி. அந்த ஆண்டில் தினமும் மது குடித்தவர்களே 1.47 கோடிதான். சட்டம் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதே காலத்தில்தான் விலை இறங்கியது, வீரியம் ஏறியது, கடை பக்கத்துத் தெருவுக்கு வந்தது. எந்தப் போதைத் தொழிலுக்கும் லாபம் எப்போதாவது தொடுபவரிடமிருந்து வராது. தினமும் வருபவரால்தான் கல்லா நிறையும். அந்தத் தினசரி வாடிக்கையாளர்தான் மருத்துவருக்குக் கவலை தருபவர்.

இரண்டு, குழந்தைகள். சாக்லேட், ஜெல்லி மிட்டாய் வடிவில் கஞ்சா விற்கப்பட்டது. அமெரிக்க நச்சுத் தகவல் மையங்களுக்கு, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் தவறுதலாக இவற்றைத் தின்றதாக 2017இல் வந்த அழைப்புகள் 207. 2021இல் 3,054. வயிற்றுக்குள் போகும் டிஎச்சியைக் கல்லீரல் இன்னும் வலுவான வடிவமாக மாற்றுகிறது. விளைவு தெரிய இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். ‘ஒன்றும் ஏறவில்லையே’ என்று பெரியவர்களே இரண்டாவது துண்டைத் தின்றுவிட்டு மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். மூன்று வயதுக் குழந்தை மேசைமீதிருந்த மிட்டாய்ப் பையை எடுத்தால் எங்கே நிறுத்துவது என்று அதற்கு எப்படித் தெரியும்?

சாலையிலும் சிக்கல் உண்டு. மதுவுக்கு ஊதச் சொல்லி அளக்கிறார்கள். டிஎச்சி கொழுப்பில் கரைந்து தங்குவது. போதை தெளிந்து பல நாள் ஆன பிறகும் சிறுநீரில் தடயம் காட்டும். ஓட்டுநர் இப்போது போதையில் இருக்கிறாரா, போன வாரம் புகைத்தாரா என்று நம்பகமாகப் பிரிக்கும் எளிய கருவி காவலர் கையில் இல்லை.

எல்லா நாடும் ஒரே மாதிரிக் கடை திறக்கவில்லை. 2013இல் சட்டம் இயற்றிய உருகுவே, பதிவு செய்த குடிமக்களுக்கு மட்டும் மருந்துக்கடை வழியாக, விளம்பரமின்றி விற்கிறது. 2018இல் அனுமதித்த கனடா வெற்று உறைகளையும் வயது வரம்பையும் விதித்தது. அப்படியிருந்தும் அதன் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்த ஓர் ஆய்வின்படி, கஞ்சாப் பழக்கக் கோளாறோடு தொடர்புள்ள மனச்சிதைவு நோயின் பங்கு 3.7 சதவீதத்திலிருந்து 10.3 ஆனது. மனச்சிதைவு நோயின் மொத்த விகிதம் மாறவில்லை என்பதையும் சேர்த்தே அந்த ஆய்வைப் படிக்க வேண்டும். 2024இல் ஜெர்மனி 25 கிராம் வைத்துக்கொள்ளவும் வீட்டில் மூன்று செடி வளர்க்கவும் அனுமதித்தது, கடைகளை அனுமதிக்கவில்லை. 2022இல் தாய்லாந்து போதுமான விதிகள் இல்லாமலே கதவைத் திறந்தது. ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்த பிறகு, 2025இல் மருத்துவச் சீட்டு கட்டாயம் என்று பின்வாங்கியது.

‘அரசே விற்றால் வருமானம் வருமே’ என்று இங்கே சொல்பவர்கள் தமிழ்நாட்டிலேயே விடையைப் பார்க்கலாம். 2003 முதல் மாநிலம் முழுவதும் மதுச் சில்லறை விற்பனை டாஸ்மாக்கின் கையில். அதிலிருந்து அரசுக்கு ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. அந்தத் தொகை ஒருமுறை வரவுசெலவுத் திட்டத்துக்குள் நுழைந்துவிட்டால், ‘குறைவாகக் குடியுங்கள்’ என்று மனதாரச் சொல்ல எந்த அரசாலும் முடியாது. வாக்குறுதி தந்து வந்தவர்களும் கடைகளை மூட முடியாமல் திணறியதை நாம் கண்ணால் பார்த்தோம். இன்னொரு கல்லாவைத் திறக்குமுன் இதை நினைக்க வேண்டும். மூன்றாம் கேள்விக்கு இன்று என் விடை ‘வேண்டாம்’.

இது கோழைத்தனமான நடுவழி என்று இரு பக்கத்தாரும் சொல்லக்கூடும். உடல் செய்வதைப் பாருங்கள். ஆனந்தமைடு எல்லா இலைகளையும் மூடுவதில்லை, எல்லா இலைகளையும் திறந்தும் விடுவதில்லை. வலிப்பில் துடிக்கும் குழந்தை ஓர் இலை. பொட்டலத்தோடு பிடிபட்ட மாணவன் இன்னோர் இலை. மிட்டாய் வடிவில் போதை விற்கக் காத்திருக்கும் நிறுவனம் மூன்றாவது இலை. மூன்றின்மேலும் ஒரே கையை வைக்கும் சட்டம், தடையாக இருந்தாலும் அனுமதியாக இருந்தாலும், டிஎச்சியைப் போலவே கவிகிறது.

1893இல் அந்தக் குழுவினர் காப்பகங்களுக்கே போய் 222 ஆவணங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். இன்று நம் நீதிமன்றங்களிலும் மனநல மருத்துவமனைகளிலும் ‘காரணம்: கஞ்சா’ என்று எழுதிய படிவங்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றை அதே பொறுமையோடு யாராவது புரட்ட வேண்டும். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது, ‘என் பிள்ளைக்கு என்ன ஆயிற்று’ என்று கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு தாய் இருக்கிறாள். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் அந்தக் கட்டத்துக்குள் அடங்காது.